சக்கரை மால் வந்த ஐப்பசி

என் அண்ணிக்கு அந்த வேலையை வாங்கிக் கொடுத்தவள் நான். அதைப் போக்கடித்தவளும் நான்தான். நல்லது செய்வதாக நினைத்துக்கொண்டுதான் இரண்டையும் செய்தேன்.

உத்திரமேரூரிலிருந்து மானாம்பதி போகிற வழியில் எங்கள் ஊர். காஞ்சிபுரத்தில் வேதியியல் படித்து முடித்து, பிளாஸ்டிக் பாட்டில் செய்யும் ஒரு கம்பெனியில் லேப் வேலைக்குச் சேர்ந்தேன். காலையில் கம்பெனி வேன், ரோடுகள் கூடுகிற கூட்ரோட்டுக்கு வந்து எங்களை ஏற்றிக்கொள்ளும். பத்துப் பதினைந்து பெண்கள் இருப்போம். என்னைத் தவிர எல்லோரும் கான்ட்ராக்ட் ஆட்கள்.

அண்ணன் லோடு ஆட்டோ ஓட்டுகிறான். அவன் மனைவி, என் அண்ணி, என்னைவிடக் கொஞ்சம் மூத்தவள். பிளஸ் டூ படித்தவள். கல்யாணமாகி வந்ததிலிருந்து என்னைப் பாப்பா என்றுதான் கூப்பிடுவாள். வீட்டில் சும்மா இருக்கப் பிடிக்கவில்லை, உன் கம்பெனியிலேயே ஏதாவது பார் என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். கான்ட்ராக்டரிடம் பேசிச் சேர்த்துவிட்டேன். முதலில் பேக்கிங்கில் போட்டார்கள். கை சுறுசுறுப்பைப் பார்த்து ட்ரையருக்கு மாற்றினார்கள்.

ட்ரையர் என்பது ஆளைவிட உயரமான இரும்புத் தொட்டி. பாலியெஸ்டர் மணிகளை மூட்டை மூட்டையாக அதில் கொட்டுவார்கள். கீழிருந்து ஈரமில்லாத சூடான காற்று ஊதும். மணிகள் நன்றாகக் காய்ந்த பிறகுதான் உருக்கும் மெஷினுக்குள் போகவேண்டும். பாலியெஸ்டர் என்பது மூலக்கூறுகளின் நீண்ட சங்கிலி; தண்ணீரை வெளியேற்றித்தான் அந்தச் சங்கிலியையே கோத்திருக்கிறார்கள். உருகுகிற சூட்டில் ஈரம் இருந்தால், அந்தத் தண்ணீர் திரும்ப உள்ளே புகுந்து கோத்த இடங்களையே அறுத்துவிடும். பார்வைக்கு எதுவும் தெரியாது. பாட்டில் பளிச்சென்றுதான் இருக்கும். உள்ளே வலு போயிருக்கும்.

இதெல்லாம் எனக்குத் தெரியும். அண்ணிக்கு எந்தப் பட்டனை எப்போது அழுத்துவது என்று தெரியும். அவ்வளவுதான் அவளுக்குச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள்.

ஒரு ஐப்பசியில் புது மால் வந்தது. மூலப்பொருளை எங்கள் கம்பெனியில் மால் என்போம். மாம்பழ ஜூஸ் நிரப்பும் ஒரு கம்பெனி எங்களிடம் பாட்டில் கேட்டிருந்தது. ஜூஸ் கெடாமல் இருக்க அதைச் சூடாகவே நிரப்புவார்கள். சாதாரணப் பாட்டிலில் அந்தச் சூட்டை ஊற்றினால் இளகி, இடுப்பு ஒடுங்கிப் போகும். அதற்காகவே மூலப்பொருளை மாற்றியிருந்தார்கள். மக்காச்சோள மாவைச் சர்க்கரையாக்கி, அந்தச் சர்க்கரையிலிருந்து பிரித்தெடுக்கும் ஐசோசார்பைடு என்கிற ஒரு பொருளை பாலியெஸ்டர் சங்கிலியின் நடுநடுவே சேர்த்திருந்தார்கள். அது சேர்ந்தால் பாட்டில் சூடு தாங்கும்.

வேனில் இதைப் பற்றிப் பேச்சு வந்தது. சக்கரையில் பிளாஸ்டிக் செய்கிறார்களாமே என்று பின்சீட்டில் ஒருத்தி கேட்டாள். அண்ணி என் பக்கம் திரும்பினாள்.

“சக்கரையை கொட்டினா பாட்டிலுக்கு எப்டி பாப்பா கெட்டி வரும்? பாகு மாதிரி இளகத்தானே செய்யும்?”

“சக்கரையை அப்டியே போடல அண்ணி. அத்த மாத்தி வேற பொருளா பண்ணிக்கினு வந்து சேக்கறாங்க. கனகாம்பரம் கட்றியே, சரம் தொவண்டு தொங்குதா இல்லியா? அதே சரத்துல நடுநடுவுல ஈர்க்குச்சி ஒண்ணு வெச்சிக் கட்டினா?”

“வெறைப்பா நிக்கும்.”

“அவ்ளோதான். சூடு பட்டா சாதா மால்ல சங்கிலி நெளியும். அதான் பாட்டில் இளகுது. நடுவுல இந்த வெறைப்பான துண்டு கீது பாரு, அது நெளிய வுடாது.”

வேனே கேட்டுக்கொண்டு வந்தது. அன்றைக்கு எனக்கு ரொம்பப் பெருமையாக இருந்தது. கம்பெனியில் இறங்கியதும் அண்ணி முதல் மூட்டையைப் பிரித்து ஒரு மணியை எடுத்து நாக்கில் வைத்துப் பார்த்தாள். இனிக்கவே இல்லையே என்று என்னைப் பார்த்துச் சிரித்தாள். அன்றிலிருந்து அதற்குச் சக்கரை மால் என்றே பெயர்.

மழை பிடித்துக்கொண்ட வாரம் அது. ஏரி நிரம்பி, உபரித் தண்ணீர் கலங்கலில் வழிந்துகொண்டிருந்தது. கம்பெனிக்குள் சுவரைத் தொட்டால் கை ஈரமாகும். பழைய மணிகளைக் காயவைக்கும் அதே சூட்டிலேயே புது மாலையும் போடச் சொன்னார் மேனேஜர். பழைய மணிகள் பால் நிறத்தில் இறுகி இருக்கும், அந்தச் சூட்டைத் தாங்கும். புதியவை கண்ணாடி போல இருந்தன. உள்ளே இறுக்கம் கிடையாது. சூடு ஏற ஏற ஒன்றோடொன்று ஒட்டி, தொட்டிக்குள் கல்கண்டுக் கட்டிபோலக் கட்டிக்கொண்டன. அண்ணியும் இன்னொரு பெண்ணும் இரும்புக் கம்பியை விட்டுக் குத்திக் குத்தி எடுத்தார்கள். மெஷின் பாதி நாள் நின்றது. மேனேஜர் ட்ரையருக்குக் கீழேயே நின்று கத்தினார். அவருடைய கத்தல் அண்ணியைப் பார்த்துத்தான்.

அடுத்த நாள் சாப்பாட்டு நேரத்தில் அண்ணி என் எதிரில் வந்து உட்கார்ந்தாள். உள்ளங்கையில் கொப்புளம்.

“சூடு தாங்கும்னு சொல்லித்தானே இந்த மாலை வாங்கினாங்க? ட்ரையர் சூட்டையே தாங்கலியே. இன்னா பண்றது பாப்பா? இன்னிக்கும் கட்டிக்கிச்சினா அந்த ஆளு என்னைத் தொரத்திடுவான்.”

“இந்த மாலுக்கு பளைய சூடு ஆவாது அண்ணி. கம்மியா வெய்யி. ஒட்டாது.”

“எவ்ளோ கம்மி?”

சொன்னேன். அவள் அதை இரண்டு முறை வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டு எழுந்து போனாள்.

நான் சொல்லாமல் விட்டது இதுதான்: சூட்டைக் குறைத்தால் நேரத்தைக் கூட்டவேண்டும். சும்மா கொஞ்சம் அல்ல, பல மடங்கு. குறைந்த சூட்டில் ஈரம் மெதுவாகத்தான் வெளியே வரும். மழைக்காலத்துத் துணியை நிழலில் காயப்போடுகிற எந்தப் பெண்ணுக்கும் இது புரியும். ஒரு வாக்கியம் போதும். மறந்துவிட்டேன் என்றுகூட என்னால் சொல்லமுடியாது. அதையும் சொல்லவேண்டும் என்றே எனக்குத் தோன்றவில்லை. எனக்குத் தெரிந்தது அவளுக்கும் தானாகத் தெரிந்திருக்கும் என்று இருந்துவிட்டேன்.

அன்று ட்ரையரில் ஒரு கட்டிகூட இல்லை. மணிகள் ஒட்டாமல் பொலபொலவென்று இறங்கின. பழைய நேரக்கணக்குப்படியே அண்ணி திறந்துவிட்டாள். மெஷின் நிற்கவே இல்லை. மேனேஜர் வந்து பார்த்து, இன்றைக்குத்தான் வேலை என்றால் வேலை என்றாராம். நான் காலையிலேயே ஷிஃப்டின் முதல் பாட்டில்களை எடுத்து, கொதிக்கும் தண்ணீரை ஊற்றிச் சோதித்திருந்தேன். அசையவில்லை. அவை முந்தின நாள் கட்டி உடைத்து, ட்ரையரிலேயே ராத்திரி முழுக்கக் கிடந்து காய்ந்த மணிகளில் வந்தவை. பிறகு வந்த பாட்டில்களை நான் எடுத்துப் பார்க்கவில்லை. லாரி கிளம்பிப் போனது.

கொஞ்ச நாளில் ஜூஸ் கம்பெனியிலிருந்து போன் வந்தது. பாட்டில்கள் சூட்டில் அடி புடைத்து, ஆறியதும் தோள் ஒடுங்கி நின்றனவாம். திரும்பி வந்த பெட்டிகளைப் பிரித்தபோது, ஒவ்வொன்றும் யாரோ கையால் பிசைந்த மாதிரி இருந்தது. மால் விற்றவர்களின் ஆட்கள் வந்து பார்த்தார்கள். எங்கள் மேனேஜர் அவர்கள் மேல் பாய்ந்தார். அவர்களும் பெரிதாக வாதாடவில்லை. இருக்கலாம், வேறு மூட்டைகளை அனுப்பிவைக்கிறோம் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். விஷயம் அத்துடன் முடிகிற மாதிரி இருந்தது.

எனக்குள் அது முடியவில்லை. கெட்ட பாட்டில் ஒன்றை நறுக்கிக் கரைத்து, மெல்லிய கண்ணாடிக் குழாயில் ஊற்றினேன். சங்கிலி நீளமாக இருந்தால் கரைசல் தயங்கித் தயங்கி இறங்கும். அது தடையே இல்லாமல் ஓடியது. சங்கிலிகள் அறுபட்டிருந்தன. சர்க்கரையிலிருந்து வந்த அந்த விறைப்பான துண்டுகள் தம் இடத்தில் இருந்தும் பயனில்லை, அவற்றைக் கோத்து வைத்திருந்த சங்கிலியை ஈரம் அறுத்துப்போட்டிருந்தது. அந்தக் குழாயைப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் சாப்பாட்டு மேசையில் நான் அண்ணியிடம் என்ன சொன்னேன், என்ன சொல்லவில்லை என்பது உறைத்தது.

மேனேஜர் அறைக்குப் போனேன். போகிற வழியில் ட்ரையரைக் கடந்துதான் போகவேண்டும். அண்ணி மேலே ஏணியில் நின்று மூட்டை பிரித்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்து, “டீ வந்திச்சா பாப்பா?” என்று கேட்டாள். இன்னும் இல்லை என்றேன். அங்கே நின்று அவளிடம் ஒரு வார்த்தை பேசியிருக்கலாம்.

மேனேஜரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். மால் மேல் தப்பில்லை, சரியாகக் காயவில்லை. சூட்டைக் குறைக்கச் சொன்னது நான், நேரத்தைக் கூட்டச் சொல்லாமல் விட்டதும் நான். தப்பு என்னுடையது. அவர் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, “செட்டிங்கை மாத்தினது யாரு?” என்றார்.

“நான் சொல்லித்தான் சார் மாத்தினாங்க.”

“நீங்க லேப். உங்ககிட்ட சந்தேகம் கேட்டாங்க, தெரிஞ்சதைச் சொன்னீங்க. அது தப்பில்லை. என்கிட்ட கேக்காம ட்ரையர்ல கை வெச்சது யாரு?”

“சார், என் பேர்லதான் தப்பு.”

“காரணத்தைக் கண்டுபிடிச்சது நல்ல வேலைம்மா. நீங்க போங்க.”

திட்டு வாங்கத்தான் போனேன். அவர் என்னைப் பாராட்டி அனுப்பினார். அன்று சாயங்காலம் வேன் ஏறும்போது கான்ட்ராக்டர் வந்து, நாளையிலிருந்து வரவேண்டாம் என்று அண்ணியிடம் சொன்னார். ஏன் என்று அவள் கேட்டதற்கு, “உங்க வூட்டு கெமிஸ்ட் அம்மாவையே கேளு” என்றார். பெண்கள் எல்லோரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

வேனில் அண்ணி தன் இடத்திலேயே உட்கார்ந்து வந்தாள். வீட்டுக்கு வந்து முகம் கழுவினாள், அரிசி களைந்து போட்டாள். நான் அடுப்படி வாசலில் நின்றேன். அண்ணனும் வந்து என் பின்னால் நின்றான். அவனுக்கு ஒன்றும் தெரியாது. முகத்தைப் பார்த்தே ஏதோ நடந்திருக்கிறது என்று புரிந்துகொண்டிருந்தான்.

“இன்னா சொன்னே அந்த ஆளுகிட்ட?” என்றாள் அண்ணி, திரும்பாமலே.

சொன்னேன். என் தப்பு என்றுதான் சொன்னேன் என்பதை இரண்டு தரம் சொன்னேன்.

“அந்த மால்காரன் வேற மூட்டை அனுப்பறேன்னு ஒத்துக்கினான் இல்ல?”

“ஆமா அண்ணி. ஆனா அந்த மாலும் இப்டியேதான் ஆயிருக்கும்.”

“அப்ப, ‘சார், இந்த மாலுக்கு நேரத்தை கூட்டணும்’னு மட்டும் சொல்லியிருக்கலாம் இல்ல? யாரு மாத்தினது, யாரு சொல்லி மாத்தினதுன்னு உன்னை எவன் கேட்டான்?”

 அப்படி ஒரு வழி இருந்தது. அது எனக்குத் தோன்றவே இல்லை.

“மனசு கேக்கல அண்ணி.”

அப்போதுதான் திரும்பினாள். “உன் மனசு கேக்கல. சரி. நான் அங்கியே ஏணி மேல நின்னுக்கினுதானே இருந்தேன்? ‘அண்ணி, இன்ன மாதிரி ஆயிப்போச்சி, போய் சொல்லிடட்டுமா’ன்னு என்னை ஒரு வார்த்தை கேட்டியா? நீ சொன்னே, உனக்கு பாரம் எறங்கிச்சி. அது எங்க வந்து எறங்கிச்சி பாரு.”

“வுடு, வுடு. அது வேணும்னா பண்ணிச்சி?” என்றான் அண்ணன்.

“வேணும்னு பண்ணலன்னு எனக்குத் தெரியாதா? அதத்தான் சொல்லிக்கினு கீறேன்.” அவள் குரல் அப்போதுதான் உடைந்தது. கண்ணைப் புறங்கையால் துடைத்துக்கொண்டு உலையைப் பார்க்கத் திரும்பிவிட்டாள்.

மறுநாள் காலையில் நானும் வேலையை விட்டுவிடுகிறேன் என்றேன். அண்ணி என்னை ஏற இறங்கப் பார்த்தாள். “எதுக்கு? வூட்ல ரெண்டு பேரும் மூஞ்சியப் பாத்துக்கினு குந்திக்கிறதுக்கா? போ. வேன் வந்துடும்.” அதில் பரிவு இருந்ததா, வெறுப்பு இருந்ததா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. சாப்பாட்டுப் பாத்திரத்தை மட்டும் எப்போதும்போலக் கட்டிக் கொடுத்தாள். அதை வாங்கிக்கொண்டு நடந்தபோது, அவள் திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது.

வேனில் அண்ணி உட்காரும் இடத்தில் வேறு ஒருத்தி வந்து உட்கார்ந்தாள். யாரும் என்னை எதுவும் சொல்லவில்லை. யாரும் என்னை எதுவும் கேட்கவும் இல்லை. முன்பெல்லாம் ஒருத்திக்கு மெஷினில் சந்தேகம், ஒருத்திக்குப் பிள்ளையின் பாடத்தில் சந்தேகம். ஏதாவது ஒன்றைப் பேசிக்கொண்டே போவோம். இப்போது நான் ஏறினால் பேச்சு பாதியில் நிற்கும், இறங்கிய பிறகு தொடரும். அவர்களைக் குறை சொல்ல முடியாது. என்னிடம் கேட்டவளுக்கு என்ன ஆனது என்று அவர்கள் கண்ணால் பார்த்தார்கள்.

கம்பெனியில் சக்கரை மாலுக்குத் தனி ட்ரையர் வைத்தார்கள். குறைந்த சூடு, நீண்ட நேரம். ட்ரையருக்குப் புதிதாக வந்த பையன்களுக்கு மேனேஜர் என்னையே விளக்கச் சொன்னார். விளக்கினேன். சூட்டையும் நேரத்தையும் சேர்த்தே சொன்னேன். பாட்டில்கள் நன்றாக வந்தன. கொதிக்கும் தண்ணீரை ஊற்றிவிட்டு எவ்வளவு நேரம் நின்றாலும் ஒரு சுருக்கம் விழாது. தை மாதம் எனக்குப் பதவி உயர்வு கொடுத்தார்கள். வீட்டில் அதைச் சொல்ல நாக்கு எழவில்லை. அண்ணன்தான் யாரிடமோ கேள்விப்பட்டு வந்து சொன்னான். அண்ணி, “நல்லதுதானே” என்றாள். அந்த மாம்பழ ஜூஸ் உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டுக் கடைகளில்கூட வந்துவிட்டது. நான் வாங்கிக் குடித்ததில்லை.

அண்ணி கொஞ்ச நாள் தையல் கடைக்குப் போனாள். அது அவளுக்குப் பிடிக்கவில்லை. நாள் முழுக்கக் குனிந்தே இருக்கமுடியவில்லை, கம்பெனியின் பெரிய மெஷின் சத்தம் இருந்தால்தான் எனக்கு வேலை ஓடும் என்றாள். வெயில் ஏறத் தொடங்கிய பங்குனியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தவள் என்னைக் கூப்பிட்டாள்.

“செய்யார் பக்கம் ஒரு மோல்டிங் கம்பெனில ட்ரையருக்கு ஆள் கேக்கறாங்களாம். வந்து பேசச் சொல்லிகீறாங்க. இன்னா தெரியும்னு கேப்பாங்க.” கடலைத்தோலை முறத்தில் ஒதுக்கினாள். “இப்ப முளுசா சொல்லு.”

சொன்னேன். ஈரம் எங்கே ஒளிந்திருக்கும், சங்கிலியை எப்படி அறுக்கும், இறுகிய மணிக்கு ஏன் அதிகச் சூடு, கண்ணாடி மணிக்கு ஏன் குறைந்த சூடு, சூடு குறைந்தால் நேரம் ஏன் கூடவேண்டும், மழை நாளில் மூட்டையைப் பிரித்தால் ஏன் உடனே மூடவேண்டும் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் விடவில்லை. ஏன், ஏன் என்று குடைந்தாள். ஒரு இடத்தில் நான் தெரியவில்லை என்றேன். அப்போது மட்டும் லேசாகச் சிரித்தாள். பேசி முடித்தபோது முறம் நிறைந்திருந்தது.

“இவ்ளோதானா? ஒரு வேளைப் பேச்சு” என்றாள்.

“மன்னிச்சிடு அண்ணி” என்றேன். அதுவரை அந்த வார்த்தையை நான் அவளிடம் சொல்லியிருக்கவில்லை. மேனேஜரிடம்தான் தப்பு என்னுடையது என்று சொல்லியிருந்தேன்.

அவள் முறத்தை எடுத்துக்கொண்டு எழுந்தாள். “எந்திரி. கடலை வறுக்கணும்” என்றாள்.

அவளுக்கு அந்த வேலை கிடைத்தது. இப்போது காலையில் இருவரும் ஒன்றாகத்தான் வீட்டைவிட்டுக் கிளம்புகிறோம். கூட்ரோட்டில் அவள் வேன் ஒரு பக்கம், என் வேன் ஒரு பக்கம். பேச்சு பழையபடி வந்துவிட்டது என்றுதான் அண்ணன் நினைக்கிறான். பேசத்தான் செய்கிறோம். ஆனால் பாப்பா என்று கூப்பிடுவதை அவள் நிறுத்திவிட்டாள். இந்தாம்மா, வாம்மா என்கிறாள். நல்ல மரியாதைதான்.

போன வாரம் வேலையிலிருந்து வந்து இருவரும் பூண்டு உரித்துக்கொண்டிருந்தபோது அவள் ஒன்று சொன்னாள். அவளுடைய கம்பெனியில் புதிதாகச் சேர்ந்த பெண் ஒருத்தி, மூட்டையை மாற்றிப் பிரித்துக் கொட்டிவிட்டாளாம். இரண்டு வகை மணிகளும் கலந்து ஒரு தொட்டி வீணாகிவிட்டது. சூப்பர்வைசர் வந்து யார் கொட்டியது என்று எல்லோரையும் நிற்கவைத்துக் கேட்டிருக்கிறார்.

“நீ இன்னா சொன்னே?” என்றேன்.

“தெரியாதுன்னுட்டேன். அந்தப் பொண்ணைத் தனியா கூப்ட்டு, மூட்டைல இன்னா பாக்கணும்னு காமிச்சேன்.” பூண்டுப் பல்லை நகத்தால் கிள்ளிக் கிண்ணத்தில் போட்டாள். என்னைப் பார்க்கவில்லை. “சொல்லியிருக்கணும்னு உனக்குத் தோணுதா?”

 நான் இன்னொரு பூண்டை எடுத்து உரிக்கத் தொடங்கினேன். அவளும் திருப்பிக் கேட்கவில்லை.